வாசகர் கேள்வி–பதில்: தாடி கட்டிய பெண் புலவர்களும் குதிரையேறாத நாடோடிகளும்

சென்ற இதழில் ‘குளோரந்தா’ என்னும் கற்பனை உலகையும், அதைக் களமாகக் கொண்ட ‘ரூன்குவெஸ்ட்’ என்னும் ரோல்பிளே விளையாட்டையும் அறிமுகப்படுத்தியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியே கேட்கின்றன: அந்த உலகில் ஆணும் பெண்ணும் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, அதை வகுத்தவர் யார்? எனவே இந்த மாதப் பகுதியை முழுவதுமாக இதற்கே ஒதுக்குகிறோம்.

புதிய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கரான கிரெக் ஸ்டாஃபோர்ட் 1966இல் எழுதத் தொடங்கிய புராண உலகம் குளோரந்தா. 1975இல் அது பலகை விளையாட்டாகவும், 1978இல் ரூன்குவெஸ்ட் என்னும் ரோல்பிளே விளையாட்டாகவும் வெளிவந்தது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவு தெரியாத இடங்களில் பகடை உருட்டிக் கதையை நகர்த்துவார்கள். உலகையும் மற்ற மாந்தரையும் கேம் மாஸ்டர் என்பவர் நடத்துவார். குளோரந்தாவில் தெய்வங்கள் மெய்யாகவே இருக்கின்றன. ஒவ்வொரு பாத்திரமும் ஏதேனும் ஒரு தெய்வத்தின் வழிபாட்டு மரபில் சேர்ந்து, அதன் வழியாகவே மந்திர ஆற்றலைப் பெறுகிறது. கீழே வரும் பதில்களுக்கெல்லாம் இதுவே அடிப்படை.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் குழுவில் ஒரு தோழி ஓர்லாந்தி மக்களின் போர்வீராங்கனையாக ஆட விரும்புகிறார். விதிகளில் தடை எதுவும் இல்லை. ஆனால் அம்மக்களைப் பற்றிய பகுதியில், ஆண்கள் ஓர்லாந்த் என்னும் புயல் தெய்வத்தையும் பெண்கள் எர்னால்டா என்னும் பூமித் தெய்வத்தையும் வழிபடுவதே வழக்கம் என்றிருக்கிறது. எதைப் பின்பற்றுவது?

பதில்: இரண்டையும் பின்பற்றலாம். ஓர்லாந்திச் சமூகத்தில் வழக்கம் என்பது பெரும்பான்மையோர் நடக்கும் பாதையே தவிர, மற்ற பாதைகளை அடைக்கும் வேலி அன்று. பெரும்பாலான ஆண்கள் உழவு, கால்நடை, போர் ஆகியவற்றில் ஓர்லாந்தின் வழியையும், பெரும்பாலான பெண்கள் நெசவு, தானியம், வீடு, குலத்தின் ஆலோசனை ஆகியவற்றில் எர்னால்டாவின் வழியையும் பின்பற்றுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதே புராணத்தில் ஓர்லாந்தின் மகளான விங்கா ஈட்டியை ஏந்திப் போருக்குச் செல்கிறாள். ஆயுதம் எடுக்க விரும்பும் பெண் தன் கூந்தலுக்குச் செஞ்சாயம் ஏற்றிக்கொண்டு விங்காவின் வழியில் சேரலாம். அதன் பிறகு அவளை யாரும் ‘நீ பெண்ணாயிற்றே, வாசலைத் தாண்டலாமா’ என்று கேட்பதில்லை. அடுப்படியையும் தறியையும் தன் இடமாக உணரும் ஆணுக்கு நந்தன் என்னும் தெய்வத்தின் வழி இருக்கிறது. மழைத் தெய்வமான ஹெலர் ஆணாகவும் பெண்ணாகவும் மாறக்கூடியவர். அவரைப் பின்பற்றுவோரும் அப்படியே. உடலால் பால் நான்கு என்றும், வாழ்வில் ஏற்கும் பாலினம் குறைந்தது ஆறு என்றும் ஓர்லாந்தி மக்கள் கருதுகிறார்கள்: ஆண், பெண், விங்காவினர், நந்தன்வழியினர், ஹெலர்வழியினர், எதையும் ஏற்காதவர்.

இங்கே கவனிக்க வேண்டியது, மாறுபட்ட ஒவ்வொரு வாழ்க்கைக்கும் ஒரு தெய்வம் முன்னோடியாக நிற்கிறது என்பதைத்தான். உங்கள் தோழியின் பாத்திரம் ஊரை எதிர்த்துக் கிளம்பிய கலகக்காரி அல்லள். விங்கா நடந்த வழியில் நடப்பவள். அவளுடைய தாய்க்கு இதில் வருத்தம் இருக்கலாம், மூத்த சகோதரன் பொறாமைப்படலாம், குலத்தலைவர் அவளை எல்லைக் காவலுக்கு அனுப்பத் தயங்கலாம். இவையெல்லாம் கதைக்கு நல்ல சரக்கு. ‘பெண்ணுக்கு அனுமதி உண்டா’ என்ற கேள்வியில் மட்டும் ஓர் அமர்வைக்கூட வீணாக்காதீர்கள். அது அந்த மக்களிடம் நெடுநாளைக்கு முன்பே தீர்ந்துபோன வழக்கு.

இதற்கு நேர்மாறான சமூகமும் அதே உலகில் இருக்கிறது. சூரியப் பேரரசர் யெல்மை வழிபடும் டாரா ஹப்பா நகரங்களில் தந்தையின் சொல்லே சட்டம். அங்கே பெண்ணுக்குரிய முன்மாதிரி, யெல்மின் நல்ல மனைவியான டெண்டாரா. ஆனால் டெண்டாராவுக்குப் பின்னால் கோர்கோர்மா என்னும் கொடிய நிழல் மனைவி நிற்கிறாள். அவளை அந்நகரத்து ஆண்கள் அஞ்சுகிறார்கள். அடக்கமான மனைவியைப் போற்றும் ஒரு சமயம், அவளுடைய கோபத்துக்கும் தனியே ஒரு கோயிலைக் கட்டி வைத்திருப்பது ஸ்டாஃபோர்டின் புராண அறிவுக்கு நல்ல சான்று. உங்கள் தோழிக்கு எதிர்ப்பும் அடக்குமுறையும் கொண்ட கதைதான் வேண்டுமென்றால், பாத்திரத்தை அங்கே பிறக்க வையுங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு வாசகி): லாங்கோர் மை என்னும் அறிவுத் தெய்வத்தின் மரபில் சேரும் பெண்கள் பொய்த்தாடி கட்டிக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். இது வேடிக்கைக்கு எழுதப்பட்டதா?

பதில்: வேடிக்கையும் உண்டு, விஷயமும் உண்டு. லாங்கோர் மை தாடி வைத்த தெய்வம். அவருடைய புலவர்கள் எல்லோரும் தாடியுடன்தான் இருக்க வேண்டும். பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று அந்த மரபு சொல்லவில்லை; தாடி இல்லாதவரைச் சேர்க்கக் கூடாது என்றே சொல்கிறது. எனவே பெண் புலவர் பொய்த்தாடியைக் காதில் மாட்டிக்கொண்டு சுவடிச்சாலைக்குள் நுழைகிறார், அவருடைய தீர்ப்புகள் ஆண் புலவரின் தீர்ப்புகளுக்குச் சமமாக ஏற்கப்படுகின்றன. விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் நோக்கத்தைத் தளர்த்துவது வழக்கறிஞர்களின் வேலை; அறிவையும் சட்டத்தையும் காக்கும் தெய்வத்தின் அடியார்கள் அதைச் செய்வது மிகப் பொருத்தம். ஆட்டத்தில் இதைச் சிரிப்புக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். வழக்கு விசாரணையின் நடுவே தாடி நழுவி விழுந்தால் அவர் சொன்ன சாட்சியம் செல்லுமா என்று எதிர்த்தரப்பு கேட்கட்டும். மேசையில் அரைமணி நேரம் சூடான வாதம் நடக்கும்.

கேள்வி (மட்டக்களப்பிலிருந்து ஒரு வாசகர்): பிராக்ஸ் வறண்ட நிலத்து நாடோடிகளிடம் ஆண்களுக்கு வாஹா என்னும் தெய்வம், பெண்களுக்கு ஐரித்தா என்னும் தெய்வம் என்று கறாரான பிரிவினை இருக்கிறது. குதிரை ஏறுவதும் விலக்கு. இவ்வளவு கட்டுப்பாடுகள் உள்ள இடத்தில் ஆடுவதில் என்ன சுவை?

பதில்: என் கணக்கில் குளோரந்தாவிலேயே சுவை மிகுந்த இடம் அதுதான். 1979இல் வெளிவந்த பிராக்ஸ் வழிபாட்டு மரபுகளின் தொகுப்பு ரோல்பிளே உலகில் சமயத்தை எழுதும் முறையையே மாற்றியது என்று சொல்வது மிகையாகாது. அதுவரை பூசாரி என்றால் காயத்தை ஆற்றும் மந்திரம் தெரிந்த ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

முதலில் புராணத்தைப் பாருங்கள். தெய்வங்களின் போரில் பிராக்ஸ் நிலம் பாழாகி, எல்லோருக்கும் உணவு போதாமல் போகிறது. யாராவது புல்லை மேய்ந்தாக வேண்டும், யாராவது மேய்பவரை உண்டாக வேண்டும். அப்போது வாஹா மனிதருக்கும் விலங்குகளுக்கும் இடையே ஓர் உடன்படிக்கையை ஏற்படுத்துகிறார். போட்டியில் தோற்றவர் அறிவை இழந்து மந்தையாவார், வென்றவர் அவற்றை மேய்த்து வாழ்வார். காட்டெருமை, இம்பாலா மான், சேபிள் மான், உயர லாமா ஆகியவற்றோடு நடந்த போட்டிகளில் மனிதர் வென்றார்கள். டேபிர் என்னும் நீண்ட மூக்குள்ள விலங்கைப் போன்ற தோற்றமுள்ள மோரோகாந்துகளிடம் மட்டும் தோற்றார்கள். அதனால் மோரோகாந்துகள் இன்றும் அறிவிழந்த மனிதர்களை மந்தையாக மேய்க்கின்றன. அந்த மந்தையை முதன்முதலில் காணும் ஆட்டக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த உடன்படிக்கையிலிருந்துதான் விலக்குகள் எல்லாம் பிறக்கின்றன. மந்தை விலங்கை வெட்டும்போது வாஹா கற்பித்த ‘அமைதி வெட்டு’ என்னும் சடங்கின்படி வெட்ட வேண்டும். அப்போதுதான் அதன் ஆன்மா மந்தைகளின் தாயான ஐரித்தாவிடம் திரும்பி மீண்டும் பிறக்கும். அப்படிச் செய்யாமல் கொன்றால் அடுத்த ஆண்டு கன்றுகள் குறையும் என்பது வெறும் நம்பிக்கை அன்று, அந்த உலகின் இயற்கை விதி. குதிரை அந்த உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் அயலாரின் விலங்கு. அதன் மீது ஏறி வருபவனை நாடோடிகள் அருவருப்போடும் பகையோடும் பார்ப்பதில் வியப்பில்லை.

இனி ஆண், பெண் பிரிவினைக்கு வருவோம். ஆண்கள் போருக்கும் கொள்ளைக்கும் செல்கிறார்கள், கான் எனப்படும் தலைவர்களாகிறார்கள். கடிதத்தில் நீங்கள் விட்டுவிட்ட செய்தி ஒன்று உண்டு: மந்தை பெண்களுக்கு உரியது. வீரன் ஏறிச் செல்லும் விலங்கும், அவன் குடிக்கும் பாலும், அவன் மகளுக்குக் கொடுக்கப்போகும் கன்றும் ஐரித்தாவின் அடியார்களின் கையிலிருந்து வருபவை. கான் ஒருவர் அயல் குலத்தோடு சமாதானம் பேசி நூறு எருமைகளைத் தருவதாக வாக்களித்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எருமைகளின் உரிமையாளர்களான மூதாட்டிகள் நால்வர் பால் கறந்துகொண்டே, ‘எந்த எருமைகளைச் சொன்னாய்?’ என்று கேட்கிறார்கள். இந்த ஒரு காட்சியில் இருக்கும் அரசியல், பத்துச் சண்டைகளில் கிடைக்காது. உங்கள் குழுவில் யாராவது ஒருவராவது ஐரித்தாவின் அடியாராக ஆடட்டும். வாள் எடுக்காத பாத்திரம் சலிப்புத் தரும் என்ற எண்ணம் இரண்டு அமர்வுகளில் போய்விடும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பிராக்ஸில் விங்காவுக்கு நிகரான வழி அவ்வளவு வெளிப்படையாக வரையப்படவில்லை. வாஹாவின் சட்டம் ஓர்லாந்தி வழக்கத்தைவிட இறுக்கமானது, அதை இனிப்பாகப் பூசி மறைக்கத் தேவையில்லை.

கேள்வி (சென்னையிலிருந்து ஒரு வாசகர்): இப்படிப்பட்ட பாலின விவாதங்களெல்லாம் கடந்த பத்தாண்டுகளில் புகுத்தப்பட்டவை என்றும், பழைய விளையாட்டுகளில் யாரும் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை என்றும் என் நண்பர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பர் பழைய விதிப் புத்தகங்களைத் திறந்து பார்த்ததில்லை என்று தோன்றுகிறது. 1978இல் வெளிவந்த ‘அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் ரோல்பிளே விளையாட்டின் ஆட்டக்காரர் கையேட்டில், வலிமை என்னும் பண்புக்கு ஆணுக்கொரு உச்சவரம்பும் பெண்ணுக்கொரு உச்சவரம்பும் அட்டவணையாகவே கொடுக்கப்பட்டிருந்தன. மனித ஆணுக்கு 18/00 வரை, மனிதப் பெண்ணுக்கு 18/50 வரை (கோட்டுக்குப் பின் வருவது 18க்கு மேலான நூற்றுக்கூறு; அதில் 00 என்றால் 100). குள்ள உருவினரான ஹாஃப்லிங்குகளில் ஆணுக்கு 17, பெண்ணுக்கு 14. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது. ஆக, கவலைப்பட்டிருக்கிறார்கள், கவலையின் திசைதான் வேறு.

அந்த அட்டவணையையும் குளோரந்தாவின் விலக்குகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். வாஹாவின் சட்டத்தை ஒரு பாத்திரம் மீறலாம், வளைக்கலாம், அதற்காகத் துரத்தப்படலாம், துரத்தியவர்களோடு பின்னொரு நாள் சமாதானமும் ஆகலாம். பாத்திரத்தின் விவரங்களைக் குறித்துவைக்கும் கேரக்டர் ஷீட்டில் அச்சடித்த உச்சவரம்போடு யாரும் வாதாட முடியாது. அது பாத்திரத்துக்கு இட்ட விலக்கு அன்று. பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்டக்காரருக்கு இட்ட விலக்கு. அதே விளையாட்டின் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்போ, பாத்திரத்தின் பாலினம் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே எழுதி, எல்ஃப்களின் தெய்வமான கோரெல்லனை உதாரணம் காட்டுகிறது.

கேள்வி (சேலத்திலிருந்து ஒரு வாசகர்): நான் கேம் மாஸ்டர். ஹுமாக்ட் அடியாராக ஆடுபவர் தன் நோன்புகளை அடிக்கடி மறந்துவிடுகிறார். கண்டித்தால் ஆட்டம் கெடுகிறது, விட்டுவிட்டால் நோன்புக்குப் பொருளில்லாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஹுமாக்ட் சாவின் தெய்வம், வாளின் தெய்வம். அவர் தருவது வரம்; அதற்கு ஈடாகக் கேட்பது நோன்பு. ஒவ்வொரு வரத்தோடும் ஒரு நோன்பு வந்து சேரும்: பதுங்கித் தாக்குவதில் பங்குகொள்ளக் கூடாது, நஞ்சைப் பயன்படுத்தக் கூடாது என்பன போன்றவை. இந்த மரபில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. இங்கே விலக்கைச் சுமப்பது உடல் அன்று, எடுத்துக்கொண்ட உறுதிமொழி. கோழைத்தனமாகத் தோன்றும் எதையும் ஹுமாக்ட் மன்னிப்பதில்லை என்பதால், மறந்துவிட்டேன் என்ற சமாதானமும் அங்கே எடுபடாது.

ஆனால் உங்கள் சிக்கல் தெய்வத்தோடு அன்று, ஆட்டக்காரரோடு. அவர் நோன்புகளை மறப்பதற்குக் காரணம், நீங்கள் அவற்றைத் தண்டனைப் பட்டியலாக மட்டும் வைத்திருப்பதாக இருக்கலாம். நோன்பு இடிக்கும்படி நிலைமைகளை முன்கூட்டியே அமையுங்கள். குழுவினர் பள்ளத்தாக்கில் மறைந்திருந்து வணிகக் கூட்டத்தைத் தாக்கத் திட்டமிடும்போது, ‘உங்கள் வாளை எங்கே வைத்திருக்கிறீர்கள்?’ என்று அவரிடம் மட்டும் கேளுங்கள். அவர் எழுந்து நின்று சங்கு ஊதினால் திட்டம் பாழ். ஊதாவிட்டால் வரம் போயிற்று. விலக்கு ஒருவருடையதாக இருந்தாலும் அதன் விலையைக் குழு முழுவதும் கொடுக்கிறது, எனவே அதைப் பற்றிக் குழு முழுவதும் பேசத் தொடங்கும். மறதி தானாகக் குறையும்.

இந்த மரபின் உச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஓர்லாந்த் சாவு என்னும் ஆயுதத்தை எடுத்துச் சூரியனான யெல்மைக் கொன்ற பிறகு, ஹுமாக்ட் தன் சொந்தச் சகோதரனான ஓர்லாந்தோடும் புயல் குடும்பத்தோடும் உறவை அறுத்துக்கொண்டார். அவருடைய அடியார்களும் உறவறுத்தவர்கள். செத்தால் செத்ததுதான், உயிர்த்தெழுதல் அவர்களுக்கு விலக்கு. குளோரந்தாவில் இறந்தவரை ஏழு நாட்களுக்குள் மீட்டெழுப்பும் ஆற்றல் சலானா அராய் என்னும் மருத்துவத் தெய்வத்தின் அடியார்களிடம் இருக்கிறது. அவர்களோ எவ்வுயிருக்கும் தீங்கு செய்வதில்லை என்று உறுதிபூண்டவர்கள், புலால் உண்ணாதவர்கள். உங்கள் குழுவில் இந்த இரு மரபினரும் நண்பர்களாக இருந்து, ஹுமாக்ட் அடியார் களத்தில் விழுந்துவிட்டால், மருத்துவர் தன் நண்பரைக் காப்பாற்றும் வல்லமை இருந்தும் கையைக் கட்டிக்கொண்டு ஆறு நாட்கள் உடலருகே உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது நண்பர் உயிரோடிருந்தபோது கேட்டுக்கொண்டதை மீற வேண்டும். இப்படியொரு நாளை நோக்கி ஆட்டத்தை நகர்த்துங்கள். அதற்கு முன் சின்னச் சின்ன மறதிகளுக்கெல்லாம் அபராதம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகி): டெகுமெல் உலகில் ‘அரிதானி’ என்னும் பெண்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குளோரந்தாவின் விங்காவினரும் அவர்களும் ஒன்றா? அந்த உலகில் ஆடலாமா?

பதில்: ஒன்றல்ல. டெகுமெல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்த எம்.ஏ.ஆர். பார்க்கர் உருவாக்கிய உலகம்; 1975இல் விளையாட்டாக வெளிவந்தது. அதன் சோல்யானுப் பேரரசில் சாதாரணமாகப் பெண் தன் குலத்தின் பொறுப்பிலும் அதிகாரத்திலும் வாழ்கிறாள். விரும்பினால் தன்னை அரிதானியாக அறிவித்துக்கொள்ளலாம். அந்த நொடியிலிருந்து சட்டத்தின் முன் அவள் ஆணுக்குச் சமம். படையில் சேரலாம், பதவி வகிக்கலாம், தன் திருமணத்தைத் தானே முடிவுசெய்யலாம். கூடவே தன் செயல்களுக்கு முழுப் பொறுப்பும் ஏற்க வேண்டும். விங்காவினரின் வழியைத் திறந்தது ஒரு தெய்வம். அரிதானியின் வழியைத் திறந்தது ஒரு சட்டம். சமத்துவம் பெண் கேட்டுப் பெற வேண்டியதாகவும், ஆணுக்குப் பிறப்பிலேயே கிடைப்பதாகவும் இருப்பதுதான் அதிலுள்ள முள். அந்த முள்ளைச் சுற்றியே நல்ல கதைகள் எழும்: ஒரே வீட்டில் அக்கா அறிவித்துவிட்டாள், தங்கை அறிவிக்க மறுக்கிறாள், இருவரிடமும் வலுவான நியாயம் இருக்கிறது.

ஆடலாமா என்பதற்கு ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2012இல் காலமான பார்க்கர், புனைபெயரில் நாஜிச் சார்புள்ள நாவல் ஒன்றை எழுதியவர் என்பதை, அவருடைய படைப்புகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையே 2022இல் உறுதிப்படுத்தியது. அதைத் தெரிந்துகொண்டு, உங்கள் குழுவினரிடமும் சொல்லிவிட்டு, பிறகு முடிவெடுங்கள். அரிதானி என்னும் ஏற்பாட்டை மட்டும் எடுத்து வேறோர் உலகில் வைத்து ஆடுபவர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம்.

கேள்வி (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி): எங்கள் கேம் மாஸ்டர் தன் உலகில் பெண்களுக்கு மதிப்பில்லை என்று முதலிலேயே சொன்னார். சரியென்று ஒப்புக்கொண்டேன். இப்போது ஒவ்வோர் அமர்விலும் என் பாத்திரத்திடம் யாரும் பேசுவதில்லை, சத்திரத்தில் கைவைக்கிறார்கள், கோயிலில் தள்ளிவிடுகிறார்கள். ஆட்சேபித்தால் ‘உலகம் அப்படித்தான்’ என்கிறார். நான் அளவுக்கு மீறிக் கோபப்படுகிறேனா?

பதில்: இல்லை. மேலே சொன்ன விலக்குகளோடு உங்கள் நிலைமையை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹுமாக்ட் அடியாரின் நோன்பு குழுவின் திட்டத்தையே புரட்டிப் போடுகிறது. பிராக்ஸில் ஆணின் அதிகாரத்துக்கு எதிரே பெண்ணின் சொத்துரிமை நிற்கிறது. சூரிய நகரத்திலும் கோர்கோர்மாவுக்கு அஞ்சியே ஆக வேண்டும். உங்கள் மேசையில் உள்ள ‘உலகம்’ ஒரே ஒரு நாற்காலியை மட்டும் குறிவைக்கிறது. மற்ற நால்வரும் அந்த வழக்கத்தால் எதையும் இழக்கவில்லை, எதையும் யோசிக்க வேண்டியதில்லை. அதை விலக்கு என்றோ மரபு என்றோ அழைப்பது அந்தச் சொற்களுக்கு மிகுந்த மரியாதை.

நீங்கள் முதலில் ஒப்புக்கொண்டது பிற்பாடு உங்கள் வாயை அடைக்காது. ஆணாதிக்கச் சமூகத்தில் ஆட ஒப்புவது வேறு, உங்கள் பாத்திரத்தின் உடல்மீது யாரும் கைவைக்கலாம் என்பதற்கு ஒப்புவது வேறு. இந்த வேறுபாட்டுக்காகவே ரோல்பிளே உலகில் சில வழிமுறைகள் உருவாகியிருக்கின்றன. ரான் எட்வர்ட்ஸ் 2003இல் எழுதிவைத்த ‘கோடும் திரையும்’ என்னும் முறையில், கோட்டுக்கு அப்பால் உள்ளவை கதையில் வரவே கூடாது. திரைக்குப் பின்னால் உள்ளவை நடக்கலாம், ஆனால் விவரிக்கப்படக் கூடாது. ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் பரவலாக்கிய எக்ஸ் கார்டு இன்னும் எளிது: மேசை நடுவே ஓர் அட்டை, அதை யார் தொட்டாலும் அந்தக் காட்சி அப்போதே மாற்றப்படும், காரணம் கேட்கக் கூடாது.

அமர்வுக்கு வெளியே, தனியாக, கேம் மாஸ்டரிடம் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: இந்தச் சமூகத்தில் என் பாத்திரத்தால் செய்ய முடிந்து, மற்ற நால்வரால் செய்ய முடியாதது என்ன? நல்ல கேம் மாஸ்டர் என்றால் இந்தக் கேள்வியே அவரை யோசிக்க வைக்கும். பெண்கள் மட்டும் நுழையக்கூடிய மண்டபம், பெண்களிடம் மட்டும் சொல்லப்படும் இரகசியம், சத்திரத்தில் கைவைத்தவனைத் தேடி வரும் கோடரி ஏந்திய காவலாளிகள் என்று ஏதாவது பிறக்கும். எர்னால்டாவின் கோயில்களைக் காக்கும் பாபிஸ்டர் கோர் அடியார்கள் அப்படிப்பட்டவர்களே. அவர்கள் அனைவரும் பெண்கள், பழிவாங்குவது அவர்களுக்குக் கடமை. மறுபடியும் ‘உலகம் அப்படித்தான்’ என்ற பதிலே வந்தால், வேறு மேசையைத் தேடுங்கள். நீங்கள் வெளியேறுவதால் கெடும் ஆட்டம் ஏற்கெனவே கெட்டுவிட்ட ஆட்டம்.

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி): நானே ஓர் உலகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பாலைவன மக்கள், அவர்களுடைய ஊற்றுக் கோயிலில் மாதவிலக்கு நாட்களில் பெண்கள் நுழையக் கூடாது. எங்கள் குழுவில் மூவர் பெண்கள். இதை வைக்கலாமா, நீக்கிவிடலாமா?

பதில்: வைக்கலாம், அதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது, பாலைவனம் என்றதும் பெண்ணடிமை என்று கை தானாக எழுதிவிடுகிறதா என்று பாருங்கள். 1984இல் ஜெர்மனியில் தொடங்கிய ‘தாஸ் ஷ்வார்ட்ஸ ஆவ்கெ’ விளையாட்டின் உலகில் பெரும்பாலான நாடுகளில் ஆணும் பெண்ணும் ஏறக்குறையச் சமம். ஆனால் ராஸ்துல்லா என்னும் ஒரே கடவுளின் 99 சட்டங்களைப் பின்பற்றும் பாலைவன நோவாதி மக்களிடம் மட்டும் ஆணாதிக்கம். ஒரு மெய்யான சமயத்தின் சாயலை எடுத்து, குறைகளையெல்லாம் அதன்மேல் ஏற்றிவைக்கும் சோம்பேறித்தனம் அது என்பது என் கருத்து. உங்கள் பாலைவனத்துக்கு அது வேண்டாம்.

இரண்டாவது, விலக்கு எப்படிப் பிறந்தது என்ற கதையை எழுதுங்கள். நம் வாசகிகளில் பலருக்கு இது கற்பனையன்று. வீட்டுப் பூசையறை வாசலில் நின்று பழகியவர்கள். ஆகவே ‘தீட்டு’ என்று ஒற்றை வரியில் எழுதினால், அவர்கள் தப்பித்து வந்த அதே வாசலில் மறுபடியும் நிறுத்துவதாகும். மாறாக, ஊற்றின் தெய்வம் ஒரு காலத்தில் தன் குருதியைச் சிந்தித்தான் மணலில் நீரை வரவழைத்தாள் என்றும், குருதி வரும் நாட்களில் ஒரு பெண் ஊற்றை நெருங்கினால் தெய்வம் தன்னையே கண்டதாக எண்ணி விழித்துக்கொள்வாள் என்றும் வைத்துப் பாருங்கள். இப்போது அது அசுத்தம் பற்றிய விலக்கு அன்று. ஆபத்தான ஆற்றலைப் பற்றிய விலக்கு. பூசாரிகள் அஞ்சுவது ஊற்று மாசுபடும் என்பதற்காக அன்று, தெய்வம் எழுந்துவிடும் என்பதற்காக. கதையைத் திரித்து ‘அசுத்தம்’ என்று ஊருக்குச் சொன்னது பிற்காலத்துப் பூசாரிகள் என்றும் வைக்கலாம். உண்மை அறிந்த கிழவிகள் இரண்டு பேராவது ஊரில் இருக்கட்டும்.

மூன்று தோழிகளிடமும் ஆட்டம் தொடங்குமுன் இந்த விலக்கைச் சொல்லி, ஒருவருக்கேனும் வேண்டாம் என்றால் மறுபேச்சின்றி எடுத்துவிடுங்கள். மூவரும் ஒப்புக்கொண்டால், விலக்கை முதல் அமர்விலேயே அவர்கள் முகத்தில் அறையாதீர்கள்; கோயில் வாசலில் ஒரு சிறுமியைத் தடுப்பதைக் கடந்துபோகும்போது கண்டுவிட்டுப் போகட்டும். நாலாவது அமர்வில் ஊற்று வற்றத் தொடங்கட்டும். தெய்வத்தை எழுப்பலாமா என்று முடிவெடுக்கும் உரிமையை ஊர்ச் சபைக்குக் கொடுக்காமல் அந்த மூவரிடமே விடுங்கள்.